தார் ரோட்டைக் களமாக்கிய சாராள்

சாராள் அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கும்பகோணத்தில் ஒரு மருந்துக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கைத்தடியின் அடியில் மாட்டுகிற ரப்பர் தேய்ந்துவிட்டது, புதிது வாங்க வந்திருந்தேன். அவருடைய மகள் ரூத் போன் செய்தாள். "மாமா, அம்மா காலையில போயிட்டாங்க. டீ கேட்டாங்க. போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. நீங்க பதறாம வாங்க. யாரு வண்டியிலயும் ஏறாதீங்க, பஸ்ஸுல வாங்க" என்றாள். தாயைப் பறிகொடுத்த நேரத்திலும் என்னைப் பஸ்ஸில் வரச் சொல்ல அவளுக்குத் தோன்றியிருக்கிறது. சாராள் வளர்த்த பெண் அப்படித்தான் இருப்பாள்.

பஸ் ஊருக்குள் நுழைவதற்குள் என் போனுக்கு ஓர் அஞ்சலிப் போஸ்டர் வந்துவிட்டது. புறா, மெழுகுவத்தி, ரோஜாப்பூ, நடுவில் சாராள் அக்கா. கீழே "அன்பின் வடிவம், பொறுமையின் சிகரம், சாந்தமே உருவான எங்கள் அன்னை" என்று எழுதியிருந்தது. எனக்கு வந்ததே கோபம். அவரைத் தெரிந்த நீங்களே சொல்லுங்கள், சாராள் சாந்தமா? பஞ்சாயத்து ஆபீஸ் மேஜையை அவர் தட்டிய தட்டில் மேலே போட்டிருந்த கண்ணாடி விரிசல் விட்டதை நம்மில் பாதிப் பேர் நேரில் பார்த்திருக்கிறோம். அவரைச் சாந்தமாக்கிப் படத்தில் மாட்டிவிட்டால் நமக்கெல்லாம் சௌகரியம். அந்தச் சௌகரியத்துக்கு நான் உடன்படமாட்டேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டதே என் மோட்டார் சைக்கிள் விபத்தில்தான். எழுபதுகளின் நடுப்பகுதி. உழுபவனுக்கே நிலம் என்று எங்கள் பக்கத்துச் சுவர்களிலெல்லாம் எழுதியிருந்த காலம். குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்கள் தாலுகா ஆபீசில் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம், பதிந்தவரைச் சுலபத்தில் நிலத்தைவிட்டுக் கிளப்ப முடியாது என்று சட்டம் வந்திருந்தது. என் அப்பா மிராசுதார். ஆட்சி மாறிய மூன்றாம் மாதமே அவருடைய வேட்டிக்கும் கட்சிக் கரை வந்துவிட்டது. நிலத்தைப் பற்றிய அவர் எண்ணம் மட்டும் பழைய கரையிலேயே நின்றது.

எங்கள் நிலத்தில் மூன்று ஏக்கரை ஞானமுத்து என்பவர் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். லுத்தரன் சபைக் குடும்பம். மூச்சிழுப்பு நோய் முற்றி அவரால் வரப்பில் நாலடி நடக்க முடியாமல் போன பிறகு உழவு, நடவு, தண்ணீர் கட்டுவது எல்லாமே அவருடைய மகள் சாராள்தான். கணவரை இழந்து, மூன்று வயது ரூத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குத் திரும்பியிருந்தார். அவருக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். எனக்கு இருபத்து மூன்று. ஞானமுத்து தன் பெயரைப் பதிய மனுக் கொடுத்தார். அடுத்த வாரமே என் அப்பா ஊர்ப் பொதுக்களத்துக்கு முள்வேலி கட்டிக் கதவு வைத்துப் பூட்டிவிட்டார். இடம் புறம்போக்கு, பூட்டு எங்களுடையது.

சம்பா வயலில் தெளித்த உளுந்து பங்குனியில் முற்றிவிடும். பிடுங்கிய செடியைக் காயவைத்து அடிக்கக் களம் வேண்டும். களம் பூட்டியிருந்தால் என்ன செய்வது? சாராள் செடியைக் கொண்டுபோய்த் தார் ரோட்டில் பரப்பினார். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி உதிர்த்துக் கொடுத்துவிடும். எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் அந்த வழக்கம் உண்டு, டிரைவர்களும் முகம் சுளிக்காமல் மெதுவாக ஏற்றிப் போவார்கள். வேகத்தைக் குறைக்கச் சொல்வதற்கு அடையாளமாகச் சாராள் இரண்டு முனையிலும் நாலைந்து கல்லும் ஒரு கருவேல முள் கிளையும் வைப்பார்.

மிராசுதார் வீட்டுப் பையன்களான எங்களுக்கு அது விளையாட்டு மைதானம். நான் பி.எஸ்சி. தேறியதற்கு அப்பா மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருந்தார். உளுந்துச் செடிமேல் வேகமாக ஏறினால் சக்கரம் நழுவும், அடிவயிற்றில் என்னவோ புரளும். இரண்டு கையையும் விட்டுவிட்டு, கால் ஊன்றாமல் மறுமுனைக்குப் போய்ச் சேர வேண்டும். அதுதான் பந்தயம். அந்தச் சுகம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் நடத்தியிருக்கிறேன், எந்தப் பையனிடமும் அதில் ஒன்றுமே இல்லை என்று சொன்னது கிடையாது. ஒன்றுமில்லாததற்கா ஒருவன் காலைக் கொடுப்பான்?

முதல் நாள் நான் பறந்ததில் செடியில் கால்வாசி ரோட்டோரப் பள்ளத்தில் போய் விழுந்தது. திரும்பி வந்தபோது சாராள் ரோட்டின் நடுவில் நின்றார். "தம்பி, மெதுவா போறதுன்னா போங்க. பறக்குறதுன்னா வேற ரோடு பாத்துக்குங்க" என்றார். ஊரில் எல்லோரும் என்னைச் சின்ன மிராசு என்பார்கள். ஒரு குத்தகைக்காரர் மகள் தம்பி என்றது எனக்குப் பொறுக்கவில்லை. "ரோடு என்ன ஒங்கப்பன் வீட்டுதா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இல்ல. களமும் ஒங்கப்பா வீட்டுது இல்ல" என்றார். என் பின்னால் உட்கார்ந்திருந்த மாமன் மகன் பாஸ்கரனே சிரித்துவிட்டான்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. மறுநாள் உச்சி வெயிலில், சாராள் பிள்ளைக்குச் சோறு ஊட்ட வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் போனோம். கல்லையும் முள்ளையும் பாஸ்கரன் ஒருபக்கம் எடுத்தான், நான் மறுபக்கம் எடுத்தேன். என் கையால் எடுத்தேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பிறகு நான் மட்டும் அரை மைல் பின்னால் போய்த் திருப்பிக்கொண்டு வந்தேன். செடிமேல் ஏறிக் கையை விட்டேன். பாதி தூரத்தில் காய்ந்த செடி திரிதிரியாகச் சங்கிலியில் சுற்றிப் பின்சக்கரம் இறுகிவிட்டது. வண்டி படுத்தவாக்கில் இழுத்துக்கொண்டு போய் மதகுக் கட்டையில் மோதியது. வலது தொடையில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது, முட்டி நொறுங்கியது.

பாஸ்கரன் அலறிக்கொண்டு எங்கள் வீட்டைப் பார்த்து ஓடினான். சத்தம் கேட்டு முதலில் வந்தவர் சாராள். திட்டுவார் என்று நினைத்தேன். கையிலிருந்த மண்வெட்டியைத் தரையில் ஓங்கிக் குத்திக் காம்பைக் கழற்றினார். முந்தானையைக் கிழித்தார். காம்பைக் காலோடு சேர்த்துவைத்து இடுப்பிலிருந்து கணுக்கால்வரை இறுக்கிக் கட்டினார். பஸ் வந்தது. மறித்து நின்றார். கும்பகோணம் போய்ச் சேரும்வரை என் தலை அவர் மடியில் இருந்தது. "கத்துங்க தம்பி, நல்லா கத்துங்க. கண்ண மட்டும் மூடிறாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நானும் மூடவில்லை.

அங்கிருந்து என்னைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "யாருப்பா இதக் கட்டுனது? நல்ல வேள. எலும்பு ஆடி அசைஞ்சிருந்தா கால எடுக்க வேண்டியிருந்திருக்கும்" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்றிருந்த அப்பா என் தோளை அழுத்தினார். டாக்டர் போன பிறகு குனிந்து, "நீ ஒண்ணும் பேச வேண்டாம். ஒனக்கு நெனவே இல்லன்னு சொல்லியிருக்கேன். மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். பாசமாகத்தான் சொன்னார்.

மத்ததை அவர் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். குத்தகைத் தகராறை மனதில் வைத்துக்கொண்டு சாராள் உளுந்துக்கு அடியில் கல்லை ஒளித்துவைத்து என்னை விழச் செய்தார், விழுந்தவனை மண்வெட்டிக் காம்பால் காலில் அடித்து முறித்தார் என்று வழக்குப் பதிவானது. ஓரமாக நாங்கள் போட்ட கற்களே அதற்குச் சாட்சி. என் காலைக் காப்பாற்றிய காம்பு, ரத்தக் கறையோடு, ஆயுதம் என்று பட்டியலில் ஏறியது. மறுநாள் காலையில் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பாவின் கணக்கு எளிமையானது. நோயாளியான ஞானமுத்துவால் வயலில் இறங்க முடியாது, மகள் ஜெயிலில் இருந்தால் குறுவைக்கு வேறு ஆளை இறக்கிவிடலாம். குத்தகை மனு விசாரணை நாளன்று உழுதவர் யார் என்று தாசில்தார் கேட்டால் அந்த ஆளைக் காட்டிவிடலாம்.

மூன்றாம் நாள் போலீஸ் அதிகாரி என்னிடம் வாக்குமூலம் வாங்க வார்டுக்கு வந்தார். பூட்ஸ் சத்தம் கேட்டதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் இரண்டு தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு கிடந்தேன். காலில் செங்கல் கட்டிக் கப்பியில் தொங்கவிட்டிருந்தார்கள், உயிர்போகிற வலி, ஆனாலும் முனகக்கூட இல்லை. அவர் மறுபடியும் ஒரு நாள் வந்தார். மறுபடியும் மூடிக்கொண்டேன். தலையில் எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. நான் ஒரு நிமிடம்கூட மயக்கமாக இருக்கவில்லை. அம்மா ஊட்டிய இட்லியைத் தின்றேன், பத்திரிகை படித்தேன், போலீஸ் வந்தால் மயங்கினேன். அப்பாவுக்குப் பயந்தேன் என்பது பாதிதான் உண்மை. கல்லை எடுத்தது நானே என்று ஊருக்குத் தெரிந்தால் அசிங்கம் என்று நினைத்தேன். அதுதான் மீதிப் பாதி.

பதினாறாம் நாள் பாஸ்கரன் பார்க்க வந்தான். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே, "ஞானமுத்து போய்ச் சேந்துட்டான்டா. ஒரு வாரம் ஆச்சு. மருந்து வாங்கிக் குடுக்க ஆள் இல்ல. இனிமே மனு யாரு பேருல நிக்கும்? மாமா செம குஷியில இருக்காரு" என்றான். மகளுக்கு அடக்கம் முடிந்த பிறகுதான் செய்தியே போயிருக்கிறது. ரூத்தைச் சபையில் யாரோ வைத்துக்கொண்டிருக்கிறார்களாம். அவன் கையிலிருந்த பழத்தைத் தட்டிவிட்டேன். டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினேன். பஸ்ஸில் கத்தியதைவிட அதிகம் கத்தினேன். டாக்டர் பக்கத்தில் இருக்க, போலீசிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்லை எடுத்ததையும் சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். அன்று மாலை வந்த அப்பா, "காலோட மூளையும் போயிருச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே போனார்.

பதினேழு நாள் ஜெயிலில் இருந்துவிட்டு வெளியே வந்த சாராள் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். இடுப்பில் ரூத். கட்டில் பக்கத்தில் நின்று தொங்குகிற செங்கல்லைப் பார்த்தார். "காலு இருக்கா?" என்றார். "இருக்கு" என்றேன். "எங்கப்பா இல்ல" என்றார். நான் அழ ஆரம்பித்தேன். அவர் நின்று பார்த்தார், அழவில்லை. "மனுசன் பந்தயம் கட்டுறதுன்னா தன்னோடத வச்சுக் கட்டணும். நீங்க ஒங்க காலக் கட்டுனதா நெனச்சுக்கிட்டிருக்கீங்க. நீங்க வச்சது என் உளுந்த. அப்பறம் எங்கப்பாவ" என்றார். பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். சாகசம் பற்றி உலகத்தில் யார் யாரோ என்னென்னவோ சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நாலு வாக்கியம் போதும்.

ஆனி மாதம் தாலுகா ஆபீசில் விசாரணை. ஞானமுத்துவின் மனுவைச் சாராள் தன் பெயரில் தொடர்ந்திருந்தார். இரண்டு கக்கத்திலும் கட்டையை ஊன்றிக்கொண்டு நான் போயிருந்தேன். சாராள்தான் அந்த நிலத்தில் உழுகிறார் என்று சொன்னேன். அப்பாவின் வக்கீல், அடிபட்ட பையன், புத்தி தடுமாறுகிறது என்று என்னை ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டார். தாசில்தாரும் தலையாட்டினார். அப்போது சாராள் எழுந்தார். "ஐயா, சாட்சியெல்லாம் இருக்கட்டும். அந்த மூணு ஏக்கர்ல எந்த மூலையில தண்ணி வடியாம நிக்கும்னு மிராசுதாரக் கேளுங்க. அப்பறம் என்னையக் கேளுங்க" என்றார். அப்பா தாசில்தாரைப் பார்த்தார், வக்கீலைப் பார்த்தார், கடைசியில் மோட்டுவளையைப் பார்த்தார். "வடகிழக்கு மூல. அங்க நாத்து ஒரு வாரம் பிந்தித்தான் நடணும், இல்லன்னா அழுகிரும். வேணும்னா இப்பவே வந்து பாருங்க" என்றார் சாராள். தாசில்தார் நிஜமாகவே ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தார். சாராள் பெயர் பதிவானது. இதை நான் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. அந்த நிலத்தை நான் காப்பாற்றிக் கொடுத்ததாக ஊரில் ஒரு கதை உலவுகிறது. நான் காப்பாற்றவில்லை. வடகிழக்கு மூலை காப்பாற்றியது.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது முதல் தடவையாக "அக்கா" என்று கூப்பிட்டேன். அதுவரை ஊர் வழக்கப்படி பேர் சொல்லி, நீ என்றுதான். திரும்பிப் பார்த்தார். "அக்கான்னு கூப்புட்டா எல்லாம் சரியாயிருமா?" என்று கேட்டார். ஆகாது என்றேன். "அப்ப சரி. கூப்புட்டுக்குங்க" என்றார்.

நான் வீட்டை விட்டு வெளியேறி ஊர்க்கோடியில் ஓர் அறையில் தங்கினேன். வலது கால் இரண்டு அங்குலம் குட்டை, முட்டி மடங்காது. பஸ் நிறுத்தத்துக்கு ரோட்டு வழி சுற்று, வரப்பு வழி குறுக்கு. ஒருநாள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு வரப்பில் இறங்கினேன். பத்தடி தாண்டவில்லை, கட்டை சேற்றில் இறங்கி, நட்ட வயலில் தலைகுப்புற விழுந்தேன். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். "தூக்காதீங்கடி" என்று சாராள் குரல் கேட்டது. "ரோட்டுல பறந்தவரு, வரப்புல நடக்க மாட்டாரா? தானா எந்திரிச்சு வரட்டும். எந்திரிக்கும்போது நாத்த மிதிக்காம எந்திரிக்கச் சொல்லுங்க." பெண்கள் சிரித்தார்கள். நானும் சேற்றில் கிடந்தபடி சிரித்துவிட்டேன். விபத்துக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான். எழுந்திருக்க அரை மணி நேரம் ஆனது. கட்டைகளை வீசிவிட்டு ஒரே தடியோடு அந்த வரப்பை முழுதாகக் கடக்க ஏழு மாதம் ஆனது. வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் எல்லோரும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். சாராள் மட்டும் கொட்டவில்லை. அந்தக் கோபத்தில்தான் நடந்தேன். வேறு எந்த வைத்தியமும் எனக்கு அவ்வளவு பலித்ததில்லை.

எண்பதுகளில் ஒரு பங்குனி. மந்திரி ஒருவர் எங்கள் ரோடு வழியாக வருகிறார் என்று போலீஸ்காரர்கள் முன்னால் வந்து உளுந்தை அள்ளச் சொன்னார்கள். அப்போது களம் திறந்துதான் இருந்தது, ஆனால் அறுவடை மும்முரத்தில் இடம் போதவில்லை. சாராள் அக்கா அசையவில்லை. "எதுக்குங்க அள்ளணும்? எத்தன காரு வருது?" என்று கேட்டார். பதினைந்து இருபது வரும் என்றார்கள். "நல்லதாப் போச்சு. எல்லாத்தையும் மேல ஏறச் சொல்லுங்க. திரும்பிப் போறப்பவும் இந்த வழியாவே வந்தா இன்னும் நல்லா உதிரும்" என்றார். கொடி கட்டிய கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டு வண்டி வேகத்தில் உளுந்தின்மேல் ஊர்ந்து போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். கடைசிக் கார் போனதும் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இந்த ஆட்சியில நமக்கு நேரடியா கெடச்சது இதுதான்" என்றார்.

அவருக்கு வேகத்தின்மேல் வெறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பத்தைந்து வயதில் மொபெட் வாங்கி ஓட்டப் பழகினார். முன்னால் புல்லுக்கட்டு, பின்னால் உரமூட்டை. ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, "தம்பி, ஒரு விசயம். நேத்து ஆத்துப்பாலத்து எறக்கத்துல கொஞ்சம் முறுக்கிப் பாத்தேன். என்னமோ ஜிவ்வுன்னுதான் இருக்கு" என்றார். முகத்தில் திருட்டுச் சந்தோஷம். "அப்பறம்?" என்றேன். "அப்பறம் என்ன, முன்னால ஒருத்தி பிள்ளையக் கூட்டிக்கிட்டு நடந்து போயிட்டிருந்தா. கைய எடுத்துட்டேன்" என்றார். அவ்வளவுதான். எனக்கு ஒரு கால் செலவான விஷயம் அவருக்கு ஒரு பாலத்து இறக்கத்தில் முடிந்துவிட்டது.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இறுதி ஜெபத்தில் போதகர், சாராள் அம்மையார் தமக்குத் தீங்கு செய்தவர்களை எல்லாம் மனப்பூர்வமாக மன்னித்தவர் என்று பேசினார். பேசிவிட்டு என்னைக் கைகாட்டினார். அவரால் மன்னிக்கப்பட்டு, அவரோடு ஐம்பது வருடம் சகோதரனாகப் பழகியவர் என்றார். கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. நான் தடியை ஊன்றி எழுந்தேன். "ஐயா, மன்னிக்கணும், அவங்க என்னை மன்னிக்கல" என்றேன். போதகருக்குத் தர்மசங்கடம். சிலர் முணுமுணுத்தார்கள். சாவு வீட்டில் வந்து என்ன பேச்சு என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கப் பார்த்தார். ரூத் மட்டும் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அவளுக்குத் தெரியும், அவள் பக்கத்தில் இருந்தாள். மூன்று மாதத்துக்கு முன்பு, மூச்சு வாங்க ஆரம்பித்திருந்த நேரம். அவரைப் பார்க்கப் போயிருந்தேன். ஞானமுத்துவுக்கு இருந்த அதே இழுப்பு. எனக்கு மனது கேட்கவில்லை. இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டுவிட்டேன். "அக்கா, அந்தப் பதினேழு நாள்... இப்பவாவது என்னை மன்னிச்சேன்னு சொல்லுங்களேன்."

அவர் வெகுநேரம் மூச்சைத் திரட்டினார்.

"மாட்டேன் தம்பி" என்றார். "ஒங்க மேல எனக்கு இப்ப கோவம் இல்ல. ஒங்களப் பிடிக்கும். நீங்க ஒரு நாள் வரலன்னா ரூத்துகிட்ட கேப்பேன். ஆனா அங்க எங்கப்பா ஒத்தையாக் கெடந்து செத்தாரு, இங்க நீங்க கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தீங்க. அத மன்னிக்க வேண்டியது அவரு. அவரு இல்ல. அவருக்குப் பதிலா நான் சொல்ல மாட்டேன்."

பிறகு, டீ ஆறுகிறது, குடியுங்கள் என்றார். குடித்தேன். வேறு ஏதேதோ பேசிக்கொண்டிருந்தோம், மேட்டூரில் எவ்வளவு தண்ணீர், இந்த வருடம் குறுவை உண்டா இல்லையா என்று. கிளம்பும்போது வழக்கம்போலப் பஸ்ஸில் போகச் சொன்னார்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், அந்த "மாட்டேன்" மிச்சம். பரிதாபப்பட்டுக்கூட அவர் எனக்கு ஒரு பொய்யைத் தரவில்லை. இருபத்து மூன்று வயதில் போலீஸ் பூட்ஸ் சத்தத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவன் நான். அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில், பள்ளிக்கூடத்தில், பஞ்சாயத்தில், என் சொந்த வீட்டில், மூடிக்கொண்டால் தேவலை என்று தோன்றிய போதெல்லாம் என்னால் மூட முடியவில்லை. அவர் அன்றைக்கே மன்னித்திருந்தால் மூடியிருப்பேன். அதனால் போஸ்டர் அடிக்கிறவர்களே, ஜெபம் செய்கிறவர்களே, உங்களுக்குச் சாந்த சொரூபிதான் வேண்டுமென்றால் வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள். என்னை மன்னிக்காத சாராளை நான் யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டேன்.